ஜிலேபிக் கொம்பும் சலங்கைக் கம்பும்

மூன்று வாரத்துக்கு முன்னால் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "தபாலுக்கு உலகத்தில் பல நாடுகளில் அடையாளம் கடிதம் இல்லை, கொம்பு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்து குவிந்த கேள்விகளைப் பார்த்தால், இந்த வாரம் வேறு எதையும் தொட முடியாது போலிருக்கிறது. முக்கால்வாசி வடசென்னையிலிருந்து வந்தவை. ஒரு அம்மா இன்லேண்ட் லெட்டரில், மூன்று மடிப்பிலும் இடம் விடாமல், ஓரத்தில் கூட எழுதி அனுப்பியிருக்கிறார். அவருக்குத்தான் முதல் மரியாதை.

தண்டையார்பேட்டை வாசகி: என் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அவன் தெருமுனையில் மஞ்சள் நிறத்தில் தபால்பெட்டி இருக்கிறதாம், போட்டோ அனுப்பினான். அதன் மேல் கறுப்பாக ஜிலேபி சுற்றினது மாதிரி ஒன்று வரைந்திருக்கிறது. கேட்டால் "ஊதுகொம்பும்மா" என்கிறான். தபாலுக்கும் ஊதுகொம்புக்கும் என்ன சம்பந்தம்?

மகன் சொன்னது சரிதான் அம்மா. ஜிலேபி என்று நீங்கள் சொன்னதும் சரிதான், அதை விடப் பொருத்தமாக என்னால் வர்ணிக்க முடியாது.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் கடிதம் குதிரையில் போனது. ஒரே ஆள் ஒரே குதிரையில் கடைசி வரைக்கும் போக மாட்டார். வழியில் அங்கங்கே நிலையம் வைத்து, அங்கே புதுக் குதிரையும் புது ஆளும் தயாராக இருப்பார்கள், பையை மட்டும் மாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். 'போஸ்ட்' என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். லத்தீனில் 'வைக்கப்பட்டது' என்று பொருள் தரும் சொல்லிலிருந்து, வழியில் வைத்த நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்து, அப்புறம் அதில் போகிற கடிதத்துக்கும் ஒட்டிக்கொண்டது. 1490இல் டாக்ஸிஸ் என்கிற குடும்பம் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் மெக்கலன் வரை இப்படி ஒரு தடம் போட்டது. பின்னால் 'தூர்ன் உண்ட் டாக்ஸிஸ்' என்று பெயர் நீண்டு, பல தலைமுறைக்கு அந்தப் பக்கத்துத் தபாலே அவர்கள் குடும்பத் தொழிலாக இருந்தது.

இப்போது கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். நடுராத்திரி, மழை, குதிரைக்காரர் ஒரு நகரத்தின் வாசலுக்கு வருகிறார். கோட்டைக் கதவு பூட்டியிருக்கிறது, காவல்காரர் தூங்குகிறார். அல்லது அடுத்த நிலையம் அரை மைல் தூரத்தில் இருக்கிறது, அங்கே குதிரைக்குச் சேணம் பூட்டாமல் வைத்திருக்கிறார்கள், இவர் போய் நின்ற பிறகு பூட்ட ஆரம்பித்தால் நேரம் போச்சு. அல்லது குறுகலான பாதையில் முன்னால் வைக்கோல் வண்டி ஆடி அசைந்து போகிறது. மூன்றுக்கும் ஒரே மருந்து: தூரத்திலிருந்தே ஊது. கதவைத் திற, குதிரையைக் கட்டு, ஓரம் போ. கொம்புக்கு வேலை இதுதான். சங்கீதமெல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தது.

இந்த ஊதலை யார் வேண்டுமானாலும் ஊதிவிட முடியாது. அரசரின் தபாலுக்கு மட்டும் உள்ள உரிமை அது. நம் தெருவில் சிவப்பு விளக்கும் சைரனும் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று அடிக்கடி சண்டை வருகிறதே, அதேதான். சத்தம் கேட்டு வழிவிடுகிறோம் என்றால், அந்தச் சத்தத்தை எல்லாரும் போட அனுமதிக்கக் கூடாது.

தெற்கு ஜெர்மனியில் இன்னொரு வேடிக்கை உண்டு. மாடு வாங்க ஊர் ஊராகப் போகிற கசாப்புக்காரர்கள் எப்படியும் குதிரை வைத்திருக்கிறார்கள், எப்படியும் போகிறார்கள், கடிதத்தையும் கொடுத்துவிடலாமே என்று நகரத்தார் அவர்களிடமே தபாலை ஒப்படைத்தார்கள். அவர்கள் ஊருக்குள் நுழையும்போது கொம்பு ஊதுவார்கள், மாட்டுக் கொம்பு. கறிக்கடைக்காரர் கையில் கடிதம்! மஞ்சளும் கறுப்பும் அந்த நாளைய பேரரசின் நிறம். அதுதான் உங்கள் மகன் வீட்டுத் தெருமுனையில் இன்றைக்கும் நிற்கிறது.

ராயபுரம் வாசகர்: எல்லாம் சரி சார், நம்ம ஊர்ல எப்பவாவது தபாலுக்குக் கொம்பு ஊதியிருக்காங்களா?

வடக்கே சிம்லா போகிற மலைப்பாதையில் டோங்கா என்கிற குதிரை வண்டிக்காரர்கள் வளைவுக்கு வளைவு கொம்பு ஊதியதுண்டு. ஆனால் நம் பக்கத்துத் தபாலின் சத்தம் வேறு: சலங்கை.

தபால் ஓட்டக்காரர் தோளில் பை, கையில் ஈட்டி முனை வைத்த கம்பு, அந்தக் கம்பில் மணிகள். ஓட ஓட அது ஜல் ஜல் என்று அடிக்கும். பாம்பு விலகும், எதிரே வருகிறவர் ஒதுங்குவார், ஆற்றங்கரையில் பரிசல்காரர் எழுந்து துடுப்பை எடுப்பார், அடுத்த ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராவார். ராத்திரி காட்டுவழி என்றால் கூடவே பந்தம் பிடிக்கிறவரும் பறை அடிக்கிறவரும் போவார்கள், புலிக்குப் பயந்து. ஜெர்மனிக்காரர் கொம்பில் செய்ததை எல்லாம் நம்மவர் மணியில் செய்தார். ஒரே வித்தியாசம், அவருக்குக் குதிரை இருந்தது, இவருக்குத் தன் கால்தான் குதிரை.

நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் 'அஞ்சல்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு நாம் தபாலுக்கு எழுதுகிற அந்தச் சொல், அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்தத் தபாலுக்குப் பெயர். அஞ்சல் ஓட்டக்காரர் மணிக் கம்போடு வந்தால் பாதையில் யாராக இருந்தாலும் ஒதுங்கவேண்டும். 1951இல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அவர்களுடைய தபால்பெட்டி சிவப்பு இல்லை, பச்சை. அதன் மேல் என்ன சின்னம் தெரியுமா? சங்கு. 1888இல் வெளியிட்ட அவர்களுடைய முதல் தபால்தலையிலும் சங்குதான். அது பத்மநாபசுவாமியின் சங்கு, சமஸ்தானத்தின் முத்திரை. தபாலுக்காக வைத்தது இல்லை. ஆனாலும் ஊதுகிற பொருள் ஒன்று இங்கேயும் தபால்பெட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

நீங்கள் ராயபுரம் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் சென்னையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் இருக்கிற அலையைத் தாண்டுவது சாதாரண விஷயம் இல்லை, ஆளும் சரக்கும் மசூலாப் படகில் வரும். படகே போக முடியாத அளவுக்குக் கடல் கொந்தளித்தால்? கட்டுமரக்காரர் போவார். அவர் தலையில் பாயில் பின்னிய கூம்புக் குல்லா ஒன்று இருக்கும், கடிதத்தை அதற்குள் செருகிக்கொள்வார். அலை தூக்கிப் போடும், ஆள் தண்ணீரில் விழுவார், நீந்தி மறுபடி ஏறுவார், குல்லாவுக்குள் கடிதம் நனையாமல் இருக்கும். வந்துபோன வெள்ளைக்காரர்கள் எத்தனையோ பேர் இதை வாய்பிளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். 1786இல் கோட்டையில் தலைமைத் தபால் நிலையம் வைத்தது, 1884இல் இன்றைய ஜி.பி.ஓ. கட்டடம் கடற்கரைச் சாலையில் எழுந்தது என்றெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். குல்லாவைப் பற்றி யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் சென்னைத் தபாலுக்கு ஒரு சின்னம் வரைய வேண்டியிருந்தால் அந்தக் குல்லாவைத்தான் வரையவேண்டும்.

பெரம்பூர் கல்லூரி மாணவர்: அந்தக் கொம்பில் துளையோ பட்டனோ இல்லையே, எப்படிப் பாட்டு வாசிப்பார்கள்?

கோயில் புறப்பாட்டில் எக்காளம் ஊதுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? அதே வித்தைதான். குழாயின் நீளம் மாறாது, மாறுவது உதடு மட்டும். உதட்டை இறுக்க இறுக்கச் சுரம் படிப்படியாக ஏறாது, தாவும். கர்நாடக சங்கீதக் கணக்கில் சொன்னால் ச, அதற்கு மேல் ப, அதற்கு மேல் மேல்ஸ்தாயி ச, அந்தர காந்தாரம், மறுபடி ப. இடையில் இருக்கிற ரியும் மவும் அந்த இடத்தில் சுலபமாகக் கிடைக்காது. சங்கிலும் இதே கதை. ஆகவே முழு ராகம் எதிர்பார்க்காதீர்கள், அறிவிப்புதான் வரும். புறப்பட்டாச்சு, வந்தாச்சு, அவசரத் தபால், இத்தனை குதிரை தேவை என்று தனித்தனி ஊதல்கள் ஜெர்மன் நாடுகளில் விதியாகவே இருந்தன. பெரம்பூர்க்காரரான உங்களுக்கு மில் சங்கு பற்றி வீட்டில் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள்: முதல் சங்குக்கு எழுந்திரு, இரண்டாவது சங்குக்குக் கிளம்பு. அந்த மாதிரி.

சுருட்டி வைத்திருப்பது சுரத்துக்காக இல்லை, வசதிக்காக. மூன்றடி நீளக் குழாயை நேராகத் தொங்கவிட்டுக்கொண்டு குதிரையில் போனால் முட்டியிலும் குதிரை விலாவிலும் இடிக்கும். இங்கிலாந்தில் தபால் வண்டியின் பின்னால் வசதியாக உட்கார்ந்து வந்த கார்டு என்கிற காவலர், நேரான தகரக் கொம்பே வைத்திருந்தார். மொசார்ட் 1779இல் எழுதிய ஒரு இசைத்தொகுப்பில் தபால் கொம்பையே ஓர் இடத்தில் வாத்தியமாக வைத்தார். அதனால் அதற்குப் 'போஸ்ட்ஹார்ன் செரினேடு' என்றே பெயர் நின்றுவிட்டது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், பஸ்ஸில் வேண்டாம், பின்னால் வண்டி ஹாரன் அடிக்கிறது என்று திரும்பிப் பார்ப்பீர்கள்.

மூலக்கொத்தளம் வாசகர்: இந்தியத் தபால் சின்னத்தில் ஏன் கொம்பு இல்லை?

நமக்குத் தபால் வந்தது இங்கிலாந்துக்காரர் வழியாக. அவர்களிடமும் கொம்பு இருந்தது. 1784 ஆகஸ்டில் ஜான் பாமர் என்பவர் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்குத் தபால் வண்டி விட்டார், அதில் கார்டுக்குத் துப்பாக்கி, கடிகாரம், கொம்பு மூன்றும் கொடுத்தார்கள். கொம்பு கேட்டால் சுங்கச்சாவடிக்காரர் ஓடிவந்து கதவைத் திறக்கவேண்டும், காசும் கேட்கக் கூடாது. நம் டோல்கேட் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். ஆனால் ரயில் வந்ததும் 1846இல் லண்டனுக்கு ஓடிய கடைசித் தபால் வண்டியும் நின்றது, அவர்கள் கிரீடத்தையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள், நமக்கும் அதுவே வந்தது. இப்போதிருக்கும் சிவப்பு மஞ்சள் சின்னம் 2008இல் வந்தது. சிறகு மாதிரியும் இருக்கும், கவர் மாதிரியும் இருக்கும். மோசமில்லை. ஆனால் 1937இல் வந்த தபால்தலை வரிசையைப் பாருங்கள்: இரண்டு அணாத் தலையில் ஓட்டக்காரர், அப்புறம் மாட்டுவண்டி, டோங்கா, ஒட்டகம், ரயில், கப்பல், லாரி, பன்னிரண்டு அணாவுக்கு விமானம். வண்டி மாற மாற விலையும் ஏறுகிறது! அந்த ஓட்டக்காரரைச் சின்னமாக்கியிருக்கலாம்.

காசிமேடு வாசகி: வாட்ஸ்அப் காலத்தில் குதிரைக்காரன் கொம்பை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது அசட்டுத்தனமாக இல்லையா?

அந்த வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது அம்மா. எமோஜி பட்டியலில் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் தேடுங்கள், பித்தளை நிறத்தில் கொம்பு கிடைக்கும். 2010இல் யூனிகோடில் சேர்த்தார்கள். பாதிப் பேர் அதைக் கல்யாண வாழ்த்துக்கு அனுப்புகிறார்கள், போகட்டும்.

உங்கள் கேள்வியை வேறு மாதிரி பார்க்கலாம். தபாலுக்கு ரயிலைச் சின்னமாக வைத்திருந்தால் நீராவி எஞ்சின் போனதும் மாற்றவேண்டும். தபால்காரரின் தொப்பி என்றால் சீருடை மாறியதும் மாற்றவேண்டும். கொம்பு எந்த வண்டியையும் சேர்ந்தது இல்லை. 'வருகிறது, வழி விடு' என்பதைச் சேர்ந்தது. குதிரை போய் லாரி வந்தாலும் அந்த அர்த்தம் அப்படியே நிற்கிறது. அதனால்தான் ஜெர்மனி, ஸ்பெயின், ஹங்கேரி, செக், போலந்து என்று ஒருவரோடு ஒருவர் எத்தனையோ சண்டை போட்ட நாடுகள் எல்லாம் தபாலுக்கு மட்டும் ஒரே கொம்பை வைத்திருந்தன. ஜப்பான் மட்டும் தனி வழி. 1887இல் தபாலைக் கவனித்த தங்கள் அமைச்சகத்துப் பெயரின் முதல் எழுத்தையே கொஞ்சம் மாற்றிச் சின்னமாக்கிக்கொண்டார்கள். அதுவும் இன்னும் நிற்கிறது.

இதை எழுதும்போது என் மேஜையில் நார்வே நாட்டுத் தபால்தலை ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் பாரிமுனைப் பக்கம் பிளாட்பாரக் கடையில், நூறு தலை அடைத்த கவரில் வந்தது. கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிசு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவில் சுருண்ட கொம்பு, அந்தச் சுருளின் வட்டத்துக்குள்ளேயே விலை எண், மேலே குட்டியாக ஒரு கிரீடம். எண்ணை எழுதத் தனி இடம் தேடவே வேண்டாம், கொம்பே சட்டம் போட்டுக் கொடுக்கிறது. இந்த வடிவம் 1872இல் வந்தது. ஐந்து வருடத்தில் நாணயமே ஸ்கில்லிங்கிலிருந்து ஓரேவுக்கு மாறியது, கொம்பு மாறவில்லை, உள்ளே இருக்கிற எண்ணை மட்டும் மாற்றினார்கள். உலகத்திலேயே மிக நீண்ட காலமாக ஒரே வடிவத்தில் வரும் தபால்தலை வரிசை என்று இதைத்தான் சொல்கிறார்கள். நல்ல வரைபடம் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

திருவொற்றியூர் வாசகர்: இவ்வளவு உருகுறீங்களே, நீங்க கடைசியா கடிதம் எழுதினது எப்போ?

மாட்டிக்கொண்டேன். போன வருடம் பொங்கலுக்கு, ஒரே ஒரு போஸ்ட்கார்டு. அதுவும் பேனா மை தீர்ந்து பென்சிலில் முடித்தேன்.

ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சென்ற ஆண்டு ஒரு கூரியர் கம்பெனி மூலம் புத்தகக் கட்டு ஒன்று எனக்கு வரவேண்டியிருந்தது. நான் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை, பின்கோடு 600021. அனுப்பினவர் 600081 என்று எழுதிவிட்டார், அது தண்டையார்பேட்டை. நடந்தே போகிற தூரம். செல்போன் எண் தெளிவாக எழுதியிருந்தது. இருந்தாலும் 'முகவரி கிடைக்கவில்லை' என்று மெசேஜ் அனுப்பி, கட்டைக் கோயம்புத்தூருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே மாதத்தில் கதவு எண்ணே இல்லாமல், என் பெயரும் தெருப் பெயரும் மட்டும் இருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எங்கள் போஸ்ட்மேன் நேராக என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். "இந்தத் தெருவுல இந்தப் பேர்ல நீங்க ஒருத்தர்தானே சார்." உருகாமல் என்ன செய்ய?

பின்கோடு தவறு உங்களுக்கும் நடக்கும் என்பதால் சொல்கிறேன்: 1972 ஆகஸ்ட் 15இலிருந்து ஆறு இலக்கம் நமக்கு உண்டு. முதல் எண் 6 என்பது தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த பகுதி, 600 என்றால் சென்னை, கடைசி மூன்றுதான் உங்கள் பேட்டையைக் காட்டுவது. 001 ஜி.பி.ஓ., 013 ராயபுரம், 019 உங்கள் திருவொற்றியூர். கடைசி இரண்டு எண்ணைக் கிறுக்காமல் எழுதுங்கள்.

மண்ணடி வாசகர்: சலங்கை போச்சு, கொம்பு போச்சு. இப்போ தபாலுக்கு என்ன சத்தம்?

என் சின்ன வயதில் சைக்கிள் மணி. எங்கள் பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் தெருவில் போகிற பத்து சைக்கிளில் எது போஸ்ட்மேன் சைக்கிள் என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். இரண்டு சின்ன அடி, ஒரு நீள அடி. மாதாமாதம் தாத்தாவின் பென்ஷன் மணியார்டர் வருகிற நாளில் அந்த மணி தெருமுனைக் கடையில் திரும்பும்போதே வெற்றிலையைத் துப்பிவிட்டு, கைநாட்டு வைப்பதற்காகக் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு தயாராகிவிடுவார். ஆற்றங்கரைப் பரிசல்காரர் துடுப்பை எடுத்தார் என்றேனே, அது மாதிரிதான்.

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறவர் ஸ்கூட்டியில் வருகிறார். அதன் ஹாரனை யார் சட்டை செய்கிறார்கள், தெரு முழுக்க ஹாரன்தானே. அவர் ஹாரன் அடிப்பதே இல்லை. வாசல் இரும்புக் கேட்டில் வண்டிச் சாவியால் மூன்று தட்டு தட்டி, ஒரே குரல்: "சார், போஸ்ட்!" எதிர்வீட்டு நாய் கூட அதற்குக் குரைப்பதில்லை.